அரிசி இருக்கும் வீட்டில் பாட்டி ஏன் மெலிகிறார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தனியாக இருக்கிறார், மகன் வீடு அடுத்த தெருவில். ரேஷன் அரிசி மாதாமாதம் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் ஊருக்குப் போகும்போது முன்பைவிட ஒடுங்கிப்போய்த் தெரிகிறார். கேட்டால் "பசிக்கவில்லை" என்கிறார். ஏழை நாடுகளில் முதியோர் போதிய உணவில்லாமல் இருப்பதைப் பற்றி எங்கோ படித்திருக்கிறீர்கள். "வயதானால் பசி குறைவது இயற்கைதானே, இலவச அரிசி கிடைக்கிற ஊரில் இதைப் பட்டினி என்று சொல்ல முடியுமா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் மனத்தை உண்மையில் உறுத்துவது, அந்தப் பாட்டியின் "பசிக்கவில்லை" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் பதில். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் பல காரணங்கள் அடைந்து கிடக்கின்றன. அவற்றில் பாதியை அவரே வெளியே சொல்ல மாட்டார்.

நான் சமுதாய மருத்துவம் படித்த மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட கிராமங்களில் வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்த்து வருகிறேன். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊர்கள் அவை. பொருளாதாரக் கணக்கு என் துறை அல்ல. நான் கண்ணால் பார்த்ததையும், ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதையும், இன்னும் தீராத விவாதமாக இருப்பதையும் கூடியவரை பிரித்துக் காட்டப் பார்க்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வயது ஏற ஏறப் பசி குறைவது உண்மை. நாக்கின் சுவையும் மூக்கின் மணமும் மங்குகின்றன. இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்குவதால் நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடுகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகளின் வேலை கூடுகிறது. உழைப்பு குறைவதால் தேவைப்படும் கலோரியும் குறைகிறது. இதுவரை உங்கள் சந்தேகம் சரி. ஆனால் புரதத்தின் தேவை இப்படிக் குறைவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது பெரியவர்களுக்கான பொதுக் கணக்கு. முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்றே முதியோர் உணவு குறித்து ஆராய்ந்தவர்களில் பலர் சொல்கிறார்கள். சரியான எண் எது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தேவை குறைவதில்லை என்பதில் வேறுபாடு இல்லை. இன்னொன்றும் உறுதி. இயல்பான பசிக்குறைவு ஒருவரை மிக மெதுவாகத்தான் இளைக்க வைக்கும். ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு தானாகக் குறைந்தால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கண்ணுக்கே தெரிகிற அளவு மெலிந்தால், அங்கே தேடிப் பார்க்க ஏதோ இருக்கிறது.

என்ன இருக்கும் என்பதற்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன். முதுகுளத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில், மகன் வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் இருந்த ஓர் ஆத்தா. மருமகள் தங்கமான பெண். தினமும் இரவு ஒரு தூக்குவாளியில் தோசையோ சோறோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். வாளி காலையில் காலியாக இருக்கும். ஆத்தா மட்டும் மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே வந்தார். புற்றாக இருக்குமோ என்று பயந்து என்னிடம் கூட்டி வந்தார்கள். பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது முறை நான் விடியற்காலையில் போனபோது சாய்ப்பின் மூலையில் கோழிகள் தோசையைக் கொத்திக்கொண்டிருந்தன. மருமகள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம். அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டால் விடிவதற்குள் ஓடைக்குப் போகணும் தாயி. கண் தெரியவில்லை. போன ஆடியில் விழுந்து இடுப்பில் அடி. அவளை எழுப்பலாமா? பகலெல்லாம் கரி மூட்டத்தில் வேகிறவள்" என்றார். அதனால் மதியம் மூன்று மணிக்கு மேல் அவர் எதுவும் சாப்பிடுவதில்லை; தண்ணீரும் குடிப்பதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பசிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒரு பழைய மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் ஒரு வாளியும் சாம்பலும் வைத்து, பக்கத்தில் ஒரு சிறு விளக்கும் மாட்டிக் கொடுத்தார் அவருடைய மகன். முதல் வாரம் ஆத்தா அதில் உட்காரக் கூச்சப்பட்டார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறினார்.

அதற்குப் பிறகு எந்த முதியவரைப் பார்த்தாலும், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் இரவில் எங்கே ஒதுங்குகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினேன். எத்தனை பேர் இந்தக் காரணத்துக்காகவே இரவுச் சாப்பாட்டை விட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. படுக்கையோடு கிடப்பவர்களிடம் இது இன்னும் அதிகம். பிறர் கையால் கழுவிக்கொள்ளும் நிலை வந்ததும் வாயைக் கட்டிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் இலவச அரிசிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. நாடு முழுவதற்குமான 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்கிறது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. இந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். என் பாட்டி தலைமுறை கண்ட பட்டினியை நான் பார்க்காமல் இருப்பதற்கு இது பெரிய காரணம். ஆனால் அந்த அரிசியை நாளாகப் பிரித்துப் பாருங்கள். மாதம் 5 கிலோ என்றால் நாளொன்றுக்கு சுமார் 165 கிராம். அதில் கிடைப்பது 580 கலோரியை ஒட்டி, புரதம் 12 அல்லது 13 கிராம். 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்குக் குறைந்த கணக்கிலேயே 37 கிராம் புரதம் வேண்டும். அரிசியை இரண்டு மடங்காக்கினாலும் அவரால் அவ்வளவு சோறு உண்ண முடியாது. மீதியைப் பருப்பும் முட்டையும் மீனும் தயிரும்தான் தர வேண்டும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு தருகிறார்கள். அதை முழுதாகத் தனக்கே வைத்துக்கொண்டால் நாளுக்கு இன்னும் 7 கிராம் சேரும். நான் பார்த்த வீடுகளில் அந்தப் பருப்பு பெரும்பாலும் மகன் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒற்றை ஆளுக்குப் பருப்பு வேக வைக்க எவ்வளவு விறகு எரிய வேண்டும் என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அடுப்படியில் நின்று பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் தூக்க வேண்டும். சுள்ளி பொறுக்க வேண்டும், அல்லது சிலிண்டருக்குப் பணம் வேண்டும். உலை கொதிக்கும் வரை புகையில் குந்த வேண்டும். மூட்டு வலி உள்ளவர் குந்தி எழுந்திருப்பதே ஒரு வேலை. கண்புரை முற்றியவருக்கு அரிசியில் கல் பொறுக்கக் கண் தெரியாது. அதனால் ஒரு நாள் ஆக்கி, தண்ணீர் ஊற்றி வைத்து, மூன்று வேளைக்கு அதையே குடிக்கிறார்கள். பழைய சோறு நல்ல உணவு; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட ஒரு துண்டு கருவாடோ துவையலோ இருந்தால் நல்லது. பல் போனவருக்கு உப்பும் ஊறுகாயும்தான் துணை. மூன்றாம் நாள் ஆக்கவே அலுப்பாக இருக்கும். ஒரு கடுங்காப்பி, ஒரு வாய் வெற்றிலை புகையிலை. புகையிலை பசியை அடக்கும். அப்போது பசிக்கவில்லை என்று அவர் சொல்வது அந்த நேரத்து உண்மைதான்.

குடும்பத்துக்குள்ளே நடப்பது இதைவிட நுட்பமானது. தெற்கே பல ஊர்களில் பிள்ளைகள் முறை வைத்துச் சோறு போடும் வழக்கம் உண்டு. பாதி மாதம் மூத்தவன் வீடு, மீதி மாதம் இளையவன் வீடு. இதைக் கேட்டதும் பிள்ளைகளைத் திட்டத் தோன்றும். எனக்கும் தொடக்கத்தில் தோன்றியது. பிறகு அந்தப் பிள்ளைகளின் கூலியையும் அவர்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் பார்த்தேன். பெரும்பாலான வீடுகளில் யாரும் வேண்டுமென்று பட்டினி போடுவதில்லை. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது மட்டும் மறக்கவில்லை. முறை மாறும் நாளில் மூத்த மருமகள் காலைக் கஞ்சியோடு தன் முறை முடிந்தது என்று நினைப்பாள். இளையவள் இரவிலிருந்து தன் முறை என்று நினைப்பாள். மதியம் யாருடையது என்று யாரும் பேசி வைக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு மதியம் அவர் கோயில் மண்டபத்தில் படுத்துவிடுவார். "போய்க் கேட்டால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் தாயி" என்றார். ஆறு வருடமாக இது நடந்திருக்கிறது. மகன்கள் இருவருக்கும் தெரியாது. நான் சொன்னபோது மூத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கேட்டு வாங்கிச் சாப்பிடுவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம் முதியோரிடம் ஆழமாக இருக்கிறது. பெண்களிடம் இன்னும் அதிகம். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதை உண்டு பழகிய கை, எழுபது வயதில் திடீரென்று தன் தட்டுக்கு முதலில் அள்ளாது. கணவனை இழந்தவர் என்றால், வாய்க்கு ருசியாக எதையும் கேட்பதே தப்பு என்று ஊரும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறது. கையில் காசு வந்தாலும் இதே கதைதான். ஓய்வூதியம் வாங்கிய அன்று பேரப்பிள்ளைக்கு முறுக்கும் பிஸ்கட்டும் வாங்குகிறவர்கள் தங்களுக்கு ஒரு முட்டை வாங்க யோசிப்பார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் முதியோர் ஓய்வூதியத்தை ஆராய்ந்து பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ 2003-இல் வெளியிட்ட ஆய்வு, பாட்டிகள் கைக்கு வந்த பணம் கூட வாழ்ந்த பேத்திகளின் வளர்ச்சியை மேம்படுத்தியதைக் காட்டியது. தாத்தாக்கள் கைக்கு வந்த பணத்தில் அப்படி ஒரு விளைவு தென்படவில்லை. பாட்டியின் பணம் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். குழந்தைக்கு அது நல்லது என்பதை யாரும் மறுக்க முடியாது. பாட்டியின் தட்டில் என்ன மாறியது என்ற கேள்வி மட்டும் பதிலில்லாமல் நிற்கிறது. எய்ட்ஸ் நோயில் நடுத்தலைமுறையை இழந்த மலாவி, உகாண்டா, லெசோத்தோ போன்ற நாடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பதே பாட்டிகளின் வேலையாகிவிட்டது. மலாவியில் டிசம்பர் தொடங்கி அடுத்த அறுவடை வரை மக்காச்சோளக் குதிர் காலியாகும் மாதங்கள் வரும். அந்த மாதங்களில் இருக்கும் கஞ்சியை யார் முதலில் விட்டுக்கொடுப்பார்கள் என்பதை நம் வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் படித்த கட்டுரையில் ஏழை நாடு என்று சொன்னது எந்தப் பொருளில் என்று ஒரு தெளிவு வேண்டும். உலக வங்கிக் கணக்கில் இந்தியா கீழ்நடுத்தர வருமான நாடு. மலாவி, உகாண்டா, மொசாம்பிக் போன்றவை குறைந்த வருமான வரிசையில் வருகின்றன. அந்த நாடுகளில் நம் ரேஷன் கடை போன்ற ஏற்பாடு கிடையாது. குறைந்த வருமான நாடுகளை மொத்தமாக எடுத்தால், ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களில் ஏதாவது ஓர் ஓய்வூதியம் பெறுபவர்கள் நான்கில் ஒரு பங்கைத் தாண்ட மாட்டார்கள். உகாண்டா 2010-ஐ ஒட்டிச் சில மாவட்டங்களில் மாதம் சுமார் 25,000 ஷில்லிங் கொடுக்கத் தொடங்கியது. நாடு முழுவதும் விரித்தபோது பணம் போதாமல் வயது வரம்பை 80-க்கு உயர்த்தியது. எண்பது வயது வரை யார் இருக்கிறார்கள் என்பதை யோசித்தால் அதன் பொருள் புரியும். நேபாளம் 1990-களின் நடுவில், இன்னும் மிக ஏழையாக இருந்தபோதே, 75 வயதைக் கடந்த எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது. தொகை சிறிதுதான். மகன் இருக்கிறானா, நிலம் இருக்கிறதா என்று யாரையும் கேட்காமல் கொடுத்ததுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

நம் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இலேயே வந்துவிட்டது. 2011-இல் மாதம் 1,000 ரூபாய் ஆகி, 2023-இல் 1,200 ஆனது. இதில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். அந்த 200 என்பது 2006-இல் நிர்ணயித்த தொகை; இன்றுவரை மாறவில்லை. 1,200 ரூபாய் என்றால் நாளுக்கு 40 ரூபாய். அதில் மருந்தும் வெற்றிலையும் மின்கட்டணமும் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இந்த 40 ரூபாய் அற்பம் என்று நகரத்தில் இருப்பவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அது வரும் வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அடுப்படியிலேயே பார்க்கலாம். மருமகள் பேசும் தொனியிலும் பார்க்கலாம். ஆதரவற்றவர் என்ற நிபந்தனையால், பெயருக்கு ஒரு மகன் எங்கோ இருக்கிறான் என்பதற்காகவே மனு திரும்பி வந்த முதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1983-இலேயே முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதாவது அவர்கள் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம். அங்கே சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ அரிசியும், சாப்பிடாதவருக்கு 4 கிலோவும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேட்டி சேலை தனி. ஆனால் நான் போன மையங்களில் தட்டோடு வந்த முதியோரைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பள்ளிக்கூடத்தில் பேரப்பிள்ளைகளோடு வரிசையில் நிற்கக் கூச்சம். வெயிலில் நடக்க முடியாது. விடுமுறை நாளில் மையம் இல்லை. இதை நினைத்து நான் வருந்தாத வருடம் இல்லை. ஏனென்றால் என் அனுபவத்தில் முதியோருக்கு மிக அதிகம் உதவுவது ஆக்கிய சோறுதான். அரிசியைப் பிறர் வாங்கிப் போகலாம், பணத்தைப் பேரனுக்குக் கொடுத்துவிடலாம். ஆக்கி, சூடாக, முன்னால் வைத்து, கூட உட்கார்ந்து பேசினால் அது வயிற்றுக்குள் போகிறது. இது நான் கண்ட அனுபவம் மட்டுமே. பணம், தானியம், சமைத்த உணவு மூன்றில் எது சிறந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தீரவில்லை. கடையும் சந்தையும் பக்கத்தில் இருந்து, நடமாட்டமும் உள்ள முதியவருக்குப் பணமே மேல் என்று வாதிடுபவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

ரேஷன் கடையின் கைரேகை இயந்திரத்தையும் சொல்ல வேண்டும். அறுபது வருடம் களையெடுத்து, கரி அள்ளி, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மூன்று முறை அலையவிட்டால் நாலாவது முறை போக மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியபோது தாயுமானவர் திட்டம் 70 வயதைக் கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டு வாசலில் கொடுக்க வந்தது. சரியான இடத்தில் கை வைத்த திட்டம் என்று நினைக்கிறேன். உங்கள் பாட்டி பெயர் அதில் இருக்கிறதா என்று ஊரில் விசாரியுங்கள்.

இவ்வளவு இருந்தும் இது ஏன் பெரிதாகப் பேசப்படுவதில்லை? முக்கியமான காரணம், நாம் அளப்பதில்லை. ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புகள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் மையமாக வைத்தவை. நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களில் 49 வயது வரையும் ஆண்களில் 54 வயது வரையும்தான் உயரமும் எடையும் பார்க்கிறது. அதற்கு மேல் உள்ளவர்கள் எடைத்தட்டில் ஏறுவதே இல்லை. 2017-18-இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த முதுமை குறித்த நீள்கால ஆய்வு அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எடைக்குறைவு என்று அதில் தெரிந்தது. இந்த எண்ணை நான் நம்புகிறேன், ஏனென்றால் அது எடைபோட்டு வந்தது. வாயால் கேட்டு வரும் எண்களில்தான் எனக்கு ஐயம். உணவுப் பற்றாக்குறையை அளக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் எட்டுக் கேள்விகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. ஒவ்வொரு கேள்வியும் 'பணமோ வேறு வசதியோ இல்லாததால்' ஒரு வேளை விட்டீர்களா, குறைத்து உண்டீர்களா என்ற வகையில் அமையும். என் ஓலைச் சாய்ப்பு ஆத்தா இதற்கு இல்லை என்றே சொல்லியிருப்பார். கோயில் மண்டபத்துப் பெரியவரும் இல்லை என்றே சொல்லியிருப்பார். ஏழை நாட்டு முதியோர் பசியைப் பற்றி எந்த எண்ணைப் படித்தாலும் உண்மை அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். இதை நிரூபிக்கப்பட்ட முடிவாகக் கொள்ள வேண்டாம், என் கணிப்பு.

சரி, உங்கள் பாட்டிக்கு என்ன செய்வது. அடுத்த முறை போகும்போது "சாப்பிட்டீர்களா" என்று கேட்காதீர்கள். அது நம் ஊரில் வணக்கம் சொல்வது போல; "ஆச்சு" என்பதுதான் பதில். நேற்றுக் காலை எழுந்ததும் முதலில் வாயில் என்ன போட்டீர்கள், அதற்குப் பிறகு என்ன என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசியாக முட்டையோ மீனோ எப்போது தின்றார் என்று கேளுங்கள். அடுப்பில் சாம்பல் புதிதா பழையதா, பானையில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, ரவிக்கை தொளதொளத்து ஊக்கு மாட்டியிருக்கிறாரா என்பதும் எடைத்தட்டுக்குச் சமம். முதுகு வளைந்தவர்களுக்கு உயரம் தவறாக வரும் என்பதால் நாங்கள் தையல் நாடா வைத்து அளப்போம். கெண்டைக்காலின் பருத்த இடம் 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, மேல்கையின் நடுச்சுற்றளவு 21-க்குக் கீழே போனாலோ கவலைப்பட வேண்டும். முதியோருக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. கால் வீங்கியிருந்தால் இந்த அளவும் ஏமாற்றும். ஆகவே இதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், மருத்துவரிடம் கூட்டிப் போவதற்கான அறிகுறியாகக் கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் அவசியம் கூட்டிப் போங்கள். வறுமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவு கட்டி, காசநோயைத் தவறவிட்ட தப்பை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சர்க்கரை நோய், தைராய்டு, புற்று, விழுங்குவதில் சிரமம், வாய்ப்புண், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், இதயத்துக்குத் தரும் டிஜாக்சின் போன்ற மாத்திரைகளும் பசியைக் குறைக்கும். துணையை இழந்த ஒரு வருடத்துக்குள் மெலிபவர்களிடம் மனச்சோர்வை முதலில் தேடுங்கள். அவர்கள் அழ மாட்டார்கள், ஆக்குவதை நிறுத்திவிடுவார்கள்.

கொடுப்பதில் அவசரம் வேண்டாம். பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாமல் இருந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால், இரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவரை மருத்துவர் பார்த்த பிறகுதான் உணவைக் கூட்ட வேண்டும். உங்கள் பாட்டி போல அரைவயிற்றோடு நடமாடுபவருக்குச் சிறுகச் சிறுக ஐந்து முறை கொடுக்கலாம். சோற்றின் அளவைக் கூட்டப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பதைக் கூட்டுங்கள். கஞ்சியில் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும், கேப்பைக் கூழில் மோருக்குப் பதில் தயிர், குழைத்த பருப்போடு முருங்கைக்கீரை, மசித்த அவித்த முட்டை. பல் இல்லாதவருக்கு எள்ளுருண்டையை இடித்துக் கொடுத்தால் சாப்பிடுவார். யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் பராமரிப்புக் கேட்டு மனு கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் உங்கள் பாட்டி மகன் மேல் மனு எழுத மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட எழுதவில்லை. மகனிடம் நீங்கள் பேசுவது பலன் தரும். குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம். "ஆத்தா இளைத்துவிட்டதே, இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோமா" என்று தொடங்குங்கள். முடிந்தால் ஓர் இரவு பாட்டியின் வீட்டில் உங்கள் தட்டையும் கொண்டுபோய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எவ்வளவு உண்கிறார், எதை ஒதுக்குகிறார், எந்தப் பக்கம் மெல்லுகிறார், எப்போது போதும் என்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டியைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது சரியாக இருக்காது. அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், கெண்டைக்கால் அளவு, ஒரு நாள் முழுக்க வாயில் போட்டவை, இரவில் ஒதுங்க எங்கே போகிறார் என்ற விவரம், இவை நான்கையும் எழுதி அனுப்புங்கள். நான்காவதை அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், வீட்டுப் பெண்கள் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.